சூடத்தில் கட்டிய பனிவீடு

சத்தியம், சத்தியம், சத்தியம்! மாரியம்மன் கோபுரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு சத்தமாகவே சொல்கிறேன், அங்கே இருக்கிற புறா எல்லாம் கேட்கட்டும். இப்போது நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் கிடையாது. பொய்யாக இருந்தால் இந்தக் கடைப்பலகை இப்போதே முறிந்து நான் கீழே விழட்டும். விழுந்தேனா? இல்லையே. சூடம் கொளுத்தி, கையால் அடித்து அணைத்தே சத்தியம் பண்ணிக் காட்டுவேன் தம்பி. ஆனால் என் கடையில் சூடம் இல்லை.

ஆமாம், நீங்கள் கேட்டது அதுதானே. சூடம் இல்லை. தேங்காய் இருக்கிறது, பழம் இருக்கிறது, ஊதுபத்தி, விபூதி, மஞ்சள் கயிறு, எலுமிச்சம்பழம் எல்லாம் இருக்கிறது. சூடம் மட்டும் கிடையாது. கோயில் வாசலில் அர்ச்சனைக் கடை போட்டுக்கொண்டு சூடம் விற்காதவன் இந்தக் கடற்கரை முழுக்க நான் ஒருத்தன்தான். அந்தப் பூக்காரியிடம் இருக்கும், அப்புறமாக வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது என்ன அவசரம்? நடை சாத்தியிருக்கிறது. பூசாரி சாப்பிடப் போயிருக்கிறார். அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்திருக்கிற ஆள் கிடையாது. அந்தத் தேங்காய்ச் சாக்கைத் தள்ளிவிட்டு உட்காருங்கள்.

ஏன் சூடம் இல்லை என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? உங்கள் முகம் கேட்கிறது.

என் பெயர் கலியமூர்த்தி. இந்தக் குப்பத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. அளப்புக் கலியன் என்று சொன்னால் நண்டுகூட வழி காட்டும். நான் அளக்கிறேனாம். அப்படியெல்லாம் இல்லை தம்பி. நடந்ததைத்தான் சொல்வேன். கொஞ்சம் பெரிதாகச் சொல்வேன், தூரத்தில் இருக்கிறவனுக்கும் தெரியவேண்டாமா?

வாலிபத்தில் நான் கட்டுமரத்தில் போனவன். ஒரு தடவை வாடைக்காற்றில் மாட்டி, இலங்கையைத் தாண்டி, அதற்கப்புறம் பெயர் தெரியாத தண்ணியெல்லாம் தாண்டிப் போய்விட்டேன். கட்டுமரம் இரண்டாகப் பிளந்துபோனதும் ஒரு திமிங்கிலத்தின் முதுகில் ஏறிக்கொண்டேன். அது என்னைத் தட்டிவிடவில்லை. வயதானது. பேச்சுத்துணை தேடியிருக்கும். கண்ணைத் திறந்து பார்த்தால் பனிக்கட்டி தேசம். எஸ்கிமோக்காரர்கள் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் படுக்கவைத்தார்கள். பனிக்கட்டியைச் செங்கல் மாதிரி அறுத்து அடுக்கிக் கட்டிய வீடு, கவிழ்த்த கும்பா மாதிரி. வெளியே நின்றால் மூக்கு உதிர்ந்துவிடும். உள்ளே போனால் நம் ஊர் சித்திரை மாதம். அந்த வீட்டுப் பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "வெத்தலை இருக்கா?"

சிரிக்கிறீர்கள். சிப்பியும் அந்த இடத்தில்தான் சிரிப்பாள்.

சிப்பி என் பேத்தி. பள்ளிக்கூடத்தில் பெயர் சுபிக்ஷா. அவள் அப்பன் எங்கேயோ கேட்டு வைத்த பெயர். எனக்கு நாக்கு புரளவில்லை, சிப்பி என்று வைத்துக்கொண்டேன். அவள் அப்பன் முருகையன். எனக்கு ஒரே மகன். ஐப்பசியில் கடலுக்குப் போனான், இன்னும் வரவில்லை. அவ்வளவுதான். வரவில்லை என்றால் வரவில்லை, அதற்கு வேறு அர்த்தம் ஒன்றும் கிடையாது.

ஆனால் அஞ்சப்பன் வேறு அர்த்தம் சொன்னான். எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒருத்தன்மேல்தான் மனத்தாங்கல் தம்பி, அது அந்த அஞ்சப்பன்மேல். அவனும் முருகையனும் ஒரே பைபர் படகில் போனவர்கள். புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்வதற்குள் காற்று சொல்லிவிட்டது. படகு கவிழ்ந்தது. அஞ்சப்பன் காலிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தான். காரைக்கால் படகு ஒன்று அவனைத் தூக்கியது. கரைக்கு வந்தவன், "பெரியப்பா, என் கண்ணு முன்னாலதான் போனான். கை நீட்டுனேன், எட்டல" என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கண்ணெல்லாம் உப்புத்தண்ணி அடித்தவன் என்னத்தைப் பார்த்திருப்பான்? நீங்களே சொல்லுங்கள். மேலே ஹெலிகாப்டர் சுற்றியது, கீழே எங்கள் ஊர்ப் படகுகள் எல்லாம் சுற்றின. ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை. செத்தவன் என்றால் கிடைக்கமாட்டானா? கடலுக்குக் கணக்கு உண்டு தம்பி, எடுத்ததைத் திருப்பிப் போட்டுவிடும். அது போடவில்லை என்றால் அவன் அதற்குள் இல்லை. நான் அதைத்தான் சொன்னேன், ஊர்க்கூட்டத்தில் நின்று சொன்னேன்.

அப்போதுதான் அஞ்சப்பன் எழுந்து, "பெரியப்பா நம்ப மாட்டேங்குறாரு, நான் ஆத்தா முன்னால சூடம் அடிக்கிறேன்" என்றான். அடித்தான். இதோ, அந்தப் படியில்தான். சூடம் யார் கடையில் வாங்கினான்? என் கடையில். அவனுக்கென்று பார்த்து, டப்பா மூடாமல் கிடந்து காற்றில் பாதி கரைந்துபோன வில்லையாக எடுத்துக் கொடுத்தேன். கண் நோவு வந்த பூனை மாதிரி சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது. உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்து, "முருகையன் போனத நான் பார்த்தேன்" என்றான். ஊரே நம்பிவிட்டது. பாதி கரைந்த சூடத்தில் அடித்த சத்தியம் பாதி சத்தியம்தானே தம்பி? இதை நான் எடுத்துச் சொன்னபோது ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாரும் என் மருமகளைப் பிடித்துக்கொண்டார்கள். தேவகி என்று பெயர். கருவாட்டுக் களத்தில் வேலை செய்கிறாள். அதிகம் பேசாத பெண். உடம்பு கிடைக்காதவர்களுக்கு ஒரு முறை இருக்கிறதாம். பூசாரி சொல்லிக்கொடுத்திருக்கிறார். தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி ஒன்று முடைந்து, அதற்கு அவன் உடுத்திய துணியில் ஒரு கிழிசல் சுற்றி, கொள்ளி வைத்து, காரியத்தைச் செய்துவிடலாமாம். சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டுத் தலை முழுகினால் போகிறவனும் போவான், இருக்கிறவர்களும் இருப்பார்களாம்.

கொள்ளி யார் வைப்பது? முருகையனுக்கு மகன் இல்லை, கூடப் பிறந்தவன் இல்லை. நான்தான் வைக்கவேண்டும். எனக்கு அவன் வைக்கவேண்டியதை அவனுக்கு நான் வைக்கவேண்டும்! நன்றாக இருக்கிறதே முறை!

தேவகி ஒருநாள் களத்திலிருந்து நேரே இங்கே வந்தாள். உள்ளே வரவில்லை. உங்களைப் போல, வாங்க வந்த ஆள் மாதிரி வெளியே நின்றாள்.

"மாமா, தர்ப்பை ஒரு கட்டு வேணும்."

"தீர்ந்துபோச்சும்மா."

கட்டு என் காலுக்கடியில் கிடந்தது. நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சரி மாமா, வரும்போது சொல்லுங்க" என்று போய்விட்டாள். நல்ல பெண். மாமனாரை ஒரு நாளும் பொய்யன் என்று சொன்னதில்லை. ஐப்பசியிலிருந்து அந்த வீட்டு அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏறவில்லை, தீபாவளி வரவில்லை, பொங்கல் வரவில்லை. தாலியும் இருக்கிறது, பொட்டும் இருக்கிறது, ஆனால் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகமாட்டாள். யாரும் கூப்பிடுவதும் இல்லை. நான் அவளிடம் சொல்லியிருந்தேன், குழந்தைக்குத் தெரியக்கூடாது, அதற்காகவாவது பொறுத்துக்கொள் என்று.

குழந்தைக்காகத்தான் எல்லாம். "அப்பா எங்க தாத்தா?" என்று சிப்பி கேட்ட அன்றைக்கே சொல்லிவிட்டேன். எங்கே போயிருப்பான்? நான் போன இடத்துக்குத்தான். அதே காற்று, அதே நீரோட்டம். பனிக்கட்டி தேசத்தில் கரை ஏறியிருப்பான். "கலியமூர்த்தி மகனா?" என்று கேட்டு, எனக்குக் கொடுத்த அதே வீட்டைக் கொடுத்திருப்பார்கள். சுவரில் என் பெயரைக் கீறி வைத்திருக்கிறேன், அவன் பார்த்திருப்பான். சுற்றிலும் கடல் உறைந்து கிடக்கிறது, பனி உருகினதும் படகைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவான். அவ்வளவுதான் விஷயம்.

அவளும் நம்பிவிட்டாள். தினமும் பள்ளி விட்டதும் இந்தப் பலகைக்கு வந்துவிடுவாள். நான் சொல்லுவேன், அவள் கேட்பாள். சில நாள் எனக்குக் களைப்பாக இருக்கும், பாதியில் நின்றுவிடுவேன். அப்போது அவளே எடுத்துக்கொடுப்பாள். "அப்புறம் அந்த நாயிங்க வண்டி இழுத்துச்சே தாத்தா, அதச் சொல்லு." சில நாள் நான் மாற்றிச் சொல்லிவிடுவேன். "தாத்தா, நேத்து கரடி வெள்ளைன்னு சொன்ன, இன்னிக்குக் கறுப்புங்குற." "குளிச்சிருக்கும்டி." அவள் சிரிப்பாள். அவள் அம்மா கூப்பிட வந்தால் மட்டும் இரண்டு பேரும் ஏதோ கண்ணால் பேசிக்கொள்வார்கள். பெண்பிள்ளைகள் விஷயம், நான் கவனிப்பதில்லை.

மாசியில் அவள் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். உலகத்து வீடுகள் என்று தலைப்பு. ரெஜினா டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறாள். ஒருத்திக்குக் கூரைவீடு, ஒருத்திக்குப் படகுவீடு, இப்படி. சிப்பிக்கு வந்தது பாலைவனத்துக் கூடாரம். பனிவீடு யாருக்கு விழுந்தது? அஞ்சப்பன் மகளுக்கு. பவதாரிணி என்று பெயர். அப்பன் மாதிரி இல்லை, நல்ல பிள்ளை. சிப்பி தன் புதுக் கலர் பென்சில் டப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டு பனிவீட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எதுக்குடி டப்பாவக் குடுத்த?" என்றேன்.

"அது நீ சொன்ன வீடு தாத்தா. நாமதான் செய்யணும்."

முதலில் நிஜப் பனிக்கட்டியில் செய்வோம் என்று சொன்னேன். நான்தான் சொன்னேன். துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் உடைந்த ஐஸ் பார் ஒன்றை வாங்கி, உமிச்சாக்கில் சுற்றி, சைக்கிளில் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தோம். கத்தியால் செங்கல் செங்கலாக அறுத்தேன். இந்தப் பக்கம் சுவர் ஏறினால் அந்தப் பக்கம் சுவர் ஓடுகிறது. கடைசியில் பூக்காரி வீட்டு ஆடு வந்து வீட்டைக் குடித்துவிட்டுப் போனது. சிப்பி அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டீச்சர் தெர்மாகோலில் செய்யச் சொன்னாளாம். தெர்மாகோல் ஒரு பொருளா தம்பி? ஊதினால் பறக்கிறது. அதில் வீடு கட்டினால் என் மகன் எப்படி இருப்பான் உள்ளே? அப்போதுதான் இந்த அலமாரியைப் பார்த்தேன். சூட டப்பா. வெள்ளைவெளேரென்று, சதுரம் சதுரமாக, பனிக்கட்டியைப் பொடிசாக அறுத்து வைத்த மாதிரி. தொட்டால் குளிர்ச்சி. திறந்து வைத்தால் தானாகவே கரையும், தண்ணி விடாது. பனிக்கட்டிக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் வேறு ஏது? நான் சொன்னதும் சிப்பி ஒரு வில்லையை எடுத்து மோந்து பார்த்தாள். "கோயில் வாசனை அடிக்குது தாத்தா" என்றாள். "எஸ்கிமோ வீடும் இப்படித்தான்டி மணக்கும்" என்றேன்.

கட்ட ஆரம்பித்தோம். சேலை வந்த அட்டைப்பெட்டியின் மூடிதான் தரை. என் கஞ்சிக் கும்பாவைக் கவிழ்த்து, மேலே தாள் போர்த்தி, அதைச் சுற்றி வில்லைகளை வரிசை வரிசையாக ஒட்டவேண்டும். மைதாப் பசை காய்ச்சினேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. சிப்பி பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசையைக் கொண்டுவந்தாள், கப்பென்று பிடித்தது. மேலே போகப் போக வரிசை உள்பக்கமாகச் சாயவேண்டும். நான் அவசரத்தில் நேராக ஏற்றிவிடுவேன். "சாய்க்கணும் தாத்தா, இல்லாட்டி மூடாது" என்று பிரித்து மறுபடி ஒட்டுவாள். வருகிற பக்தர்கள் எல்லாம் சூடம் கேட்டால், "வீடு கட்டிக்கிட்டிருக்கோம், நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். உச்சியில் கடைசி வில்லையை வைத்துவிட்டு, அடியிலிருந்து கும்பாவை உருவினோம் பாருங்கள், நின்றது! முன்னால் தவழ்ந்து போகிற மாதிரி ஒரு குட்டிச் சந்து. சுற்றிலும் கல்லுப்பைத் தூவினோம். பனி கொட்டிக் கிடக்கிறது. நான் பார்த்த வீடுதான், அப்படியே!

ஆனால் ஒரு குறை. உள்ளே ஆள் இல்லை.

"வேணாம் தாத்தா. வீடு மட்டும் போதும்" என்றாள் சிப்பி.

"ஆள் இல்லாத வீடு என்னடி வீடு? உங்கப்பன் உள்ள இருக்கவேணாமா?"

பொம்மை செய்ய என் கடையில் என்ன இருக்கிறது? காலுக்கடியில் அந்தத் தர்ப்பைக் கட்டு கிடந்தது. இழுத்தேன். இரண்டு கால், இரண்டு கை, ஒரு தலை, முடிச்சுப் போட்டேன். வலை பின்னிய கை தம்பி, ஆள் அச்சாக வந்துவிட்டது. முருகையனுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதுகூட வந்துவிட்டது.

சிப்பி அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தர்ப்பை தீந்துபோச்சுன்னு அம்மாகிட்ட சொன்னியே தாத்தா."

"பழைய கட்டு. இப்பத்தான் கெடைச்சுது."

எழுந்து வீட்டுக்குப் போனாள். போனவள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு நீலத்துணிக் கிழிசல். அவள் அப்பன் லுங்கியின் ஓரம். "அப்பாவுக்குக் குளிருமில்ல" என்று சொல்லி, பொம்மையின் இடுப்பில் அவளே சுற்றிக் கட்டினாள். பிறகு சந்து வழியாக மெதுவாக உள்ளே தள்ளிவிட்டாள். குழந்தை அல்லவா, குளிரும் என்று நினைத்துவிட்டாள்.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பெஞ்சு பெஞ்சாக வீடுகள். தெர்மாகோல், தெர்மாகோல், எல்லாம் தெர்மாகோல். எங்கள் வீட்டுக்கு முன்னால்தான் கூட்டம். மணம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? திமிங்கிலத்திலிருந்து ஆரம்பித்தேன். வெத்தலை வந்த இடத்தில் மதிப்பெண் போட வந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். தேவகி சுவரோரம் நின்றாள். வாசலில் அஞ்சப்பன் நின்றான், மகள் வீட்டைப் பார்க்க வந்திருப்பான். சூடம் அடித்ததிலிருந்து என் கண்ணுக்கு நேரே வருவதில்லை அவன்.

பவதாரிணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். எக்கி நின்று சந்துக்குள் பார்த்தாள்.

"தாத்தா, உள்ள இருக்குறது யாரு?"

"சிப்பியோட அப்பா."

"நெஜமாவே அவங்க இப்ப இந்த மாதிரி வீட்டுலயா இருக்காங்க?"

"ஆமா பாப்பா."

"எங்கப்பா வேற மாதிரி சொன்னாங்களே. சூடம் அடிச்சாங்களே." கிண்டல் இல்லை தம்பி அவள் குரலில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நீ சூடம் அடிப்பியா தாத்தா?"

வாசலிலிருந்து அஞ்சப்பன் கத்தினான். "ஏய், வாய மூடுடி! பெரியப்பா, சின்னப்புள்ள, விட்டுருங்க."

ஏன் விடவேண்டும்? என் ஆயுசில் நான் அடிக்காத சூடமா? திமிங்கிலத்துக்கு அடித்திருக்கிறேன், வெள்ளைக்கரடிக்கு அடித்திருக்கிறேன். இந்த உள்ளங்கையைப் பாருங்கள், ஆமை ஓடு. முழுச் சூடத்தில், எல்லார் கண் முன்னாலும் அடித்துவிட்டால் அஞ்சப்பனின் பாதிச் சத்தியம் ஓடிப்போகும். ஒரு வில்லையைப் பிய்க்கப் பார்த்தேன். அந்த வெள்ளைப் பசை விடவில்லை. சரி, சந்து வாசலில் இருக்கிற வில்லையை இருக்கிற இடத்திலேயே கொளுத்தி, இருக்கிற இடத்திலேயே அடித்தால் போயிற்று! பீடிக்கு வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்தேன். சிப்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொளுத்தினேன். நல்ல சூடம், நிமிர்ந்து எரிந்தது. கையை ஓங்கினேன். "எம்மகன் முருகையன்..." என்று ஆரம்பித்தேன்.

கை இறங்கவில்லை.

தோள்பட்டை தம்பி. துடுப்புப் போட்ட தோள், மேலே போனால் சில நாள் அப்படியே நின்றுகொள்ளும். ஈரக்காற்று நாளில் இன்னும் மோசம். வைத்தியரிடம்கூடக் காட்டியிருக்கிறேன். தோள்பட்டைதான். வாய் ஏன் நின்றது என்று கேட்பீர்கள். தோள் பிடித்துக்கொண்டால் வாய் எப்படிப் பேசும்?

அதற்குள் நெருப்பு சந்துக்குள் புகுந்துவிட்டது. உள்ளே போய் நின்று, வீடு முழுக்க ஒளி ஏறியது. வெள்ளைச் சுவருக்குப் பின்னால் விளக்கு வைத்த மாதிரி. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான வீட்டை நான் பனிக்கட்டி தேசத்தில்கூடப் பார்க்கவில்லை. அந்த வெளிச்சத்தில் உள்ளே அவன் தெரிந்தான். நீலத்துணியோடு, இடது தோள் இறங்கி. சூடு பட்டதும் தர்ப்பை முறுக்கிக்கொண்டு நிமிர்ந்தது. எழுந்து உட்கார்ந்த மாதிரி.

ரெஜினா டீச்சர் தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அதுவரைக்கும் அந்தக் கூடத்தில் வாய் திறக்காத தேவகி, "வேணாம் டீச்சர், ஊத்தாதீங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். டீச்சர் நின்றுவிட்டாள்.

யாரும் அணைக்கவில்லை தம்பி. சூடம் எரிந்தால் நம் ஜனங்களுக்கு என்ன தெரியும்? கை தானாகக் கூடிவிடும். ஒருத்தர் பின் ஒருத்தராகக் கும்பிட்டார்கள். கண்ணாடிப் பெரியவர் கும்பிட்டார். அஞ்சப்பன் வாசலிலேயே மண்டி போட்டுவிட்டான். நான் மட்டும் ஓங்கிய கையோடு நிற்கிறேன், பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி.

சிப்பி கிட்டே வந்தாள். இரண்டு கையையும் குவித்து அந்த நெருப்புக்கு மேலே காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுபடி காட்டினாள். குதிகாலைத் தூக்கி எட்டி என் கண்ணில் ஒற்றினாள். அவள் கை அவ்வளவு சூடு.

"கும்புட்டுக்க தாத்தா" என்றாள்.

அப்போதுதான் தோள் விட்டது. கை இறங்கியது.

முதல் பரிசு வேண்டிக்கொண்டிருப்பாள். குழந்தைதானே, வேறு எதற்குக் கும்பிடுவாள்? கிடைக்கவில்லை. படகுவீட்டுக்குப் போய்விட்டது. எங்களுக்கு ஆறுதல் பரிசு கொடுத்தார்கள், ஒரு டிபன் டப்பா. ஆறுதல் பரிசு என்று அதன் மேலேயே எழுதி ஒட்டியிருந்தது.

சூடம் ஒன்றையும் மிச்சம் வைக்காது, உங்களுக்குத் தெரியும். அட்டையில் ஒரு கறுப்பு வட்டம், சுற்றிலும் உப்பு, நடுவில் தர்ப்பையின் சாம்பல் ஒரு சிட்டிகை. அதைத் தேவகி முந்தானையில் எடுத்து முடிந்துகொண்டாள். குப்பை போடக்கூடாதென்று டீச்சர் சொல்லியிருப்பாள்.

மறுநாள் விடிந்ததும் தாயும் மகளும் கடலுக்குப் போனார்கள். அஞ்சப்பனும் போனான், இடுப்பளவு தண்ணியில் அவர்களுக்கு முன்னால் இறங்கி நின்றதாகப் பூக்காரி சொன்னாள். தலை முழுகிவிட்டு வந்தார்கள். வெயில் ஆரம்பித்துவிட்டதல்லவா, முழுகினால் நல்லதுதான். என்னையும் கூப்பிட்டார்கள். தேங்காய் வந்து இறங்குகிற நேரம், நான் எப்படிப் போவது? அன்றைக்குத் தேங்காய் வரவில்லை, அது வேறு விஷயம். இவர், பூசாரி, இந்தப் பக்கம் வந்து, "எல்லாம் முறையாத்தான் நடந்துபோச்சு கலியா. செய்யவேண்டியவன் கையாலயே நடந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இப்படித்தான், சாப்பாடு தவிர வேறு எதுவும் தெளிவாகச் சொல்லமாட்டார்.

சில நாள் கழித்து வீட்டில் எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறியது. வடை சுட்டார்கள். ஊரில் நாலு பேர் வந்து சாப்பிட்டார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு இலையில் தேவகியே வைத்தாள். அவள் நெற்றியில் பொட்டு இல்லை. அடுப்பு வேர்வையில் அழிந்திருக்கும். வடை நன்றாக இருந்தது. கொஞ்சம் உப்பு ஜாஸ்தி. இல்லை, சாப்பிடும்போதுதான் உப்பு ஏறிவிட்டதோ என்னவோ.

அதற்கப்புறம் சூடம் வாங்கி வைப்பதில்லை. மணம் ஒத்துக்கொள்ளவில்லை. கண் எரிகிறது. அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

அதோ, பூசாரி வந்துவிட்டார். ஏப்பம் கேட்கிறதா? நடை திறக்கப்போகிறார்கள், போங்கள். தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல காய்.

ஒன்று மட்டும் தம்பி. இங்கே கேட்டதை யாரிடமும் சொல்லாதீர்கள். அப்படியே வாய் தவறிச் சொன்னாலும், யார் சொன்னது என்று சொல்லாதீர்கள். பூக்காரி சொன்னாள் என்று சொல்லுங்கள், அவள் சமாளித்துக்கொள்வாள். முக்கியமாக, பள்ளி விடுகிற நேரம் இது, இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு ஒரு பெண் இந்தப் பக்கம் வருவாள். அவளிடம் மூச்சு விடக்கூடாது.

இன்னமும் தினம் வருகிறாள். பையை இறக்கி வைத்துவிட்டு, இந்தப் பலகையில், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்காருவாள். "தாத்தா, பனி உருக ஆரம்பிச்சிருக்குமா?" என்று கேட்பாள். "இந்த வருஷம் அங்க குளிர் ஜாஸ்திடி" என்பேன். "சரி, அடுத்த வருஷம் உருகும்" என்பாள். சொல்லிவிட்டு என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

எனக்காகத்தான் கேட்கிறாள். அது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் கேட்கவே மாட்டாள் தம்பி. சொல்லிவிடாதீர்கள்.